கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்

திங்கட்கிழமை முன்னாள் கணவன் ஜோல்தோஷின் வாசலில் கார் ஷெட்டுக்குக் கான்கிரீட் ஊற்றப் போகிறார்கள் என்று பழைய பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். புரூலுக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அந்த மண்ணுக்கடியில் அவளுடைய துலிப் பூக்கிழங்குகள் இருந்தன. பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பத்து, பதினைந்தாக வாங்கி ஊன்றியவை. போன வருடம் விவாகரத்தானபோது தையல் மிஷினையும் கம்பளங்களையும் எடுத்துக்கொண்டு வந்தவள், கிழங்குகளை மறந்துபோனாள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் வேறு.

ஞாயிறு காலை மண்வெட்டியும் இரண்டு வாளியுமாகத் தலாஸ் ஊரின் மறுகோடிக்கு நடந்தாள். நவம்பர் பாதி, வாய்க்கால் ஓரமெல்லாம் மெல்லிய பனிக்கட்டி. கதவைத் திறந்தவள் நூர்சதா, ஜோல்தோஷ் புதிதாகக் கட்டிக்கொண்டவள். முப்பது வயதுகூட இருக்காது.

"அவர் இல்லையே, குதிரைங்களப் பாக்கப் போயிருக்கார்."

"அவன யாரு பாக்க வந்தா? என் கிழங்கத் தோண்டிக்கிட்டுப் போயிடறேன்."

"எந்தக் கிழங்கு?"

"ஏப்ரல்ல இங்க செக்கச்செவேல்னு பூத்துச்சே, பாக்கல?"

"அது தானா முளைச்சதுன்னுல்ல நெனச்சேன்!"

"பின்ன, உன் புருஷன் ஊன்னதுன்னா நெனப்ப? அவன் ஒரு குவளை தண்ணி ஊத்துற ஆளா?"

நூர்சதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் இன்னொரு மண்வெட்டியோடு வந்தாள்.

கிழங்குகள் வெள்ளையாக வேர் விட்டிருந்தன. "மண்ணோட சேத்துத் தூக்கு. வேர் அறுந்தா பூக்காது," என்றாள் புரூல். சொல்லி வாய் மூடவில்லை, நூர்சதாவின் வெட்டு ஒரு கிழங்கை இரண்டாகப் பிளந்தது. அவள் முகம் வெளுத்தது.

"விடு, நானே மூணு வெட்டிட்டேன்."

இரண்டாவது வாளி நிறையும்போது ஜோல்தோஷ் வந்து சேர்ந்தான்.

"இவ இங்க என்ன பண்றா? யாரக் கேட்டு உள்ள விட்ட?"

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் நூர்சதா, நிமிராமலே. "அவங்க பொருள், எடுத்துக்கிட்டுப் போறாங்க."

அவன் ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போனான். இருபத்தாறு வருடத்தில் அந்த வாசலில் புரூலுக்காக யாரும் பேசியதில்லை. அவள் குனிந்து மண்ணை அள்ளினாள்.

ஆளுக்கொரு வாளியாகச் சுமந்து வந்தார்கள். புரூலின் வாடகை வீட்டு முற்றம் ஒரே கல். பொறுக்கி எறிந்து, குழி ஆழப்படுத்தி ஊன்றி, மேலே வைக்கோலும் மக்கிய சாணமும் பரப்பி முடிக்கையில் மதியம் தாண்டிவிட்டது. பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும் எடுத்து வைத்தாள் புரூல்.

நூர்சதா கோப்பையை உள்ளங்கைகளில் உருட்டினாள். "அக்கா, சாப்பிடும்போது அவர் ஒரு வார்த்த பேச மாட்டேங்கறார். என் சமையல் புடிக்கலையோ?"

அவளைக் குத்திக் காட்ட ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த சொற்கள் புரூலிடம் ஏராளம் இருந்தன. மாவுத் துண்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உன் சமையல்ல கொறையில்லடி. இருபத்தாறு வருஷம் நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நூர்சதா அழுதாள். புரூல் தடுக்கவில்லை, கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். நூர்சதா கிளம்பும்போது, "பத்து கிழங்கு எடுத்துத் தரவா? சமையலறை ஜன்னலுக்குக் கீழ ஊனிக்க," என்றாள்.

"வேணாம்க்கா. இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை பனி விழுந்தது. வசந்தத்தில் பெரும்பாலான கிழங்குகள் வெறும் இலையோடு நின்றுவிட்டன, பத்தொன்பது மட்டும் பூத்தன. நூர்சதா அவற்றைப் பார்க்க இரண்டு முறை வந்தாள். மூன்றாவது முறை தன் துணிமணிகள் அடைத்த பையோடு வந்தாள். புரூல் உள் அறையில் படுக்கை விரித்துக் கொடுத்தாள்.