ஏழு கதியால்கள்

குனிந்த வீரகத்தி ஐயா நிமிரவில்லை. தன் கிணற்றடிப் படலையை இனி மாலை ஆறு மணிக்கே பூட்டுவதாகச் சொல்ல வந்தவர், விறாந்தையில் கஜனியின் முன்னால் கிடந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகள் கஜனி விளையாட நான் செய்த ஊர் அது. டிவி வந்த பெட்டியின் அடி அட்டைதான் நிலம். காயவைத்த தேயிலைச் சக்கை மண். பற்பசைக் குழாயை வெட்டிச் சீப்பின் மேல் வைத்து அழுத்தினால் தகரக் கூரை. யோகட் கோப்பை கிணறு. இல்லாத ஒன்றை வைக்க எனக்கு வராது. எங்கள் வீட்டையும் பக்கத்திலுள்ள அவருடைய வளவையும் கண்ணில் பட்டபடியே வைத்திருந்தேன். கிணற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய கம்பிவேலி, ஈர்க்கில். அந்தப் பக்கம் அவருடைய வாழைகளுக்கு நடுவே இடுப்பளவில் நிற்கும் ஏழு கிளுவைகள், பழைய பிரஷ்ஷின் பச்சை மயிரில்.

"உதை ஆர் பிள்ளை செய்தது?"

"நான்தான்."

"கிளுவையளை உப்பிடி நேருக்கு வைக்கச் சொன்னது ஆர்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அங்கை அப்பிடித்தானே நிக்குது."

அவர் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நல்ல வடிவு. கனடாவில இருந்து பேத்தி வாறாள். தாவன், அவளுக்குக் காட்ட."

குசினிக்குள்ளிருந்து அம்மா, தன் மலையகப் பேச்சு மாறாமல், "எடுத்துக்குங்க ஐயா. அவ பள்ளிக்கூடமும் போறதில்ல, சும்மாதான இருக்கா. இன்னொண்ணு செஞ்சுக்குவா" என்றார்.

"பசை காயேல்லை. வெள்ளிக்கிழமை தாறன்" என்றேன். பசை காய்ந்து மூன்று நாள். இரண்டு காணிகளையும் அளக்க நில அளவைக்காரர் வருவது வியாழக்கிழமை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் நின்ற இடத்தில் நின்று நானும் குனிந்து பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஏழும் ஒரே கோட்டில் நின்றன. வாழைக்குள் கிளுவையை யார் நடுவார்கள்? துளிர்த்து வளரும் வேலிக் கம்பாக, கதியாலாகத்தான் நடுவார்கள். அது வேலியாக இருந்தால், கிணறு எங்கள் பக்கம். முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது கம்பிவேலி ஏற்கெனவே நின்றது என்று அம்மா சொல்லியிருக்கிறார். காணிக்கு அரசாங்கம் தந்த பெமிட் இடம்பெயர்வில் தொலைந்துபோய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாளிக்கும் "ஐயா, தண்ணி அள்ளிக்கிறேங்க" என்று கேட்டுத்தான் அள்ளுகிறோம்.

புதன்கிழமை பின்னேரம் முழுக்க மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வாழைக்குப் பாத்தி போடுகிறார் என்றார் அம்மா. தண்ணீருக்குப் போனபோது கிளுவை ஒன்றுகூட இல்லை. ஏழு இடத்தில் மண் ஈரமாக இருந்தது.

"அடுப்புக்கு வெட்டியிருப்பாரு" என்றார் அம்மா.

"பச்சைக் கிளுவை எரியுமோ அம்மா?"

அம்மா குடத்தை இறக்கி வைத்து, சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு அம்மாமேலும் சந்தேகம் வந்தது. இந்த வேலியின் கதை அவருக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?

"அளக்க வர்றவங்க முன்னாடி வாயத் தொறந்திடாத. கெடைக்கிற தண்ணியையும் கெடுத்திடாத."

நான் யாரிடம்தான் வாய் திறந்திருக்கிறேன்.

வியாழன் காலை கஜனி கிணற்றடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "சித்தி, அங்கை மரம் இல்லை. இதையும் புடுங்கட்டோ?"

"வேண்டாம்."

ஒழுங்கைக்குள் வாகனம் திரும்பும் சத்தம் கேட்டது. வீரகத்தி ஐயா வெள்ளைச் சட்டையோடு தன் படலையில் நின்றார். நான் கதிரையை விறாந்தை ஓரத்துக்கு இழுத்து, ஒழுங்கையிலிருந்து தெரியும்படி அட்டையை அதன் மேல் வைத்தேன். அம்மா ஓடிவந்து அட்டையின் மற்ற நுனியைப் பிடித்தார். நானும் விடவில்லை. இரண்டு பேரும் இழுக்கவுமில்லை. அட்டை சரிந்து தேயிலைச் சக்கை எங்கள் கால்களில் கொட்டியது. ஈர்க்கு வேலி ஒவ்வொன்றாகச் சாய்ந்து விழுந்தது. ஏழு பச்சைக் குஞ்சங்களும் ஒட்டிய இடத்திலேயே நின்றன.