எண் போட்ட வீடு

கம்பெனியில் செய்கிற வீடுகளில் மூன்று தினுசு உண்டு என்பது அர்த்தனாரிக்கு அந்தப் பங்குனியில்தான் தெரிந்தது. கம்பவுண்டர் ஆறுமுகசாமி ஒரு படப்புத்தகத்தைக் கொண்டுவந்து, மலைமேலுள்ள குண்டூர் நாட்டுச் சுமைக்காரர்களுக்குத் தலைவனான அவன் முன்னால் விரித்தார்.

"இது சக்கரம் வெச்ச ஊடு. முழுசா இழுத்துட்டு வந்து நிறுத்திக்கலாம். இது சுவரு சுவரா வர்றது, நாலையும் சேத்து முடுக்கிட்டாப் போதும். இது பலகை பலகையா அறுத்து எண் போட்டு வர்றது. எது வேணும்னு மேலிடத்துல கேக்கறாங்க. உங்க மலைக்கு எதப்பா ஏறும்?"

"சக்கரத்துக்கு இங்க ரோடு ஏதுங்க?" என்றான் அர்த்தனாரி. சுவரின் நீளத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு ஒரு மூங்கிலை வெட்டித் தோளில் வைத்துக் அடிவாரத்துக்குப் போகிற காரவள்ளிப் பாதையில் இறங்கினான். மூன்றாவது திருப்பத்திலேயே மூங்கில் பாறையில் முட்டி நின்றுவிட்டது. திரும்பி வந்து, "துண்டு ஊடே வரட்டுங்க" என்றான்.

கம்பவுண்டருக்கு வீடு வந்தே ஆகவேண்டும். முன்பு வந்த இரண்டு கம்பவுண்டர்களும் ஒழுகுகிற குடிசையில் ஒரு மழைக்குக்கூடத் தாங்காமல் இறங்கிப் போனவர்கள். இவரும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: ஆடி மழைக்குள் வீடு நின்றால் இருப்பேன், இல்லாவிட்டால் மருந்துப் பெட்டியோடு கிளம்பிவிடுவேன். அர்த்தனாரியின் மனைவி ராமாயிக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல். மத்தியானமானால் பல் கிட்டிப்போகும். இருந்த கொய்னா மாத்திரையும் தீர்ந்து ஒரு மாதமாகிவிட்டது.

சுமந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு துண்டு, தகரம் தனி. நாற்பது ஆள், பதினேழு நாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கடைசிச் சுமையை இறக்கிய பிறகும் தலையில் ஒன்றுமில்லை என்பதை அர்த்தனாரியின் கழுத்து நம்பவில்லை.

அப்போது கம்பவுண்டர் மருந்து வாங்கச் சேலம் போயிருந்தார். ஆனி முடிய இரண்டே நாள். ஆடி பிறந்தால் நல்ல காரியம் செய்ய முடியாது. வீடு என்றால் முதலில் வாசக்கால், இதில் என்ன யோசனை? குவியலில் வாசக்காலைத் தேடி எடுத்து, முழங்கை ஆழம் குழி பறித்து, கிழக்கே பார்க்க நட்டான். காலடியில் அந்த வீட்டுப் பெண் பால் ஊற்ற வேண்டும். கம்பவுண்டர் கல்யாணமாகாதவர். அன்று காய்ச்சலில்லாத நாள் என்பதால் ராமாயியே வந்து ஊற்றினாள்.

ஆறுமுகசாமி மருந்தோடும் மழைமேகத்தோடும் வந்து சேர்ந்தார். வெட்டவெளியில் தன்னந்தனியாக நின்ற வாசக்காலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! இந்த ஊட்டுக்கு மொதல்ல தூணு, அப்பறம் தரை, அப்பறம் சுவரு. வாசக்கால் கடைசி. தரையே இடுப்பு உசரத்துல வருதப்பா. அதப் புடுங்கு!"

"அது ஆகாதுங்க" என்றான் அர்த்தனாரி. "நட்ட வாசக்காலப் புடுங்கறதுன்னா, பால் ஊத்துனவ செத்ததுக்கப்பறந்தானுங்க."

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. பலகைக் குவியல்மேல் உட்கார்ந்தார். "அப்ப நான் எங்கப்பா இருக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

கொய்னா ஒரு வேளையோடு முடிகிற மருந்தல்ல, நாள் தவறாமல் கொடுக்க அவர் இருக்க வேண்டும். பிடுங்கினால் ராமாயி போய்விடுவாள், பிடுங்காவிட்டால் மருந்து போய் அவளும் போய்விடுவாள். அர்த்தனாரிக்கு அலுத்துப்போனது. இன்னும் நானூறு துண்டு சுமக்கச் சொன்னாலும் சுமந்திருப்பான். இது அவனால் ஆகிற காரியமாக இல்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, ராமாயி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வாசக்காலை ஒரு கையால் பிடித்தாள்.

"நான் ஊத்துன பாலுதானுங்க. நானே எடுத்துக்கறேன்."

"வேண்டாம் புள்ள."

"நாளைக்கு மத்தியானம் எனக்குத்தானுங்க குளிரப்போவுது? உங்களுக்கா?"

இன்னொரு கையையும் வைத்து ஆட்டினாள். கட்டை அசையவில்லை, அவள்தான் ஆடினாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் அர்த்தனாரி தோளைக் கொடுத்தான். வாசக்கால் ஈரமண்ணோடு வெளியே வந்தது. அவன் அந்தக் குழியைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் கொய்னா தின்ற வாயோடு ராமாயிக்குக் காய்ச்சல் கொளுத்தியது. வாசக்கால் வேலையைக் காட்டிவிட்டது என்றே அர்த்தனாரி முடிவு செய்தான். ஆனாலும் காலையில் போய்த் தூண் நட்டான், தரை போட்டான். ஒரு நாள் விட்டு மூன்றாம் நாளும் காய்ச்சல் வந்தது, கொஞ்சம் பிந்தி வந்தது. சுவர் எழுந்தது, தகரம் ஏறியது.

ஐந்தாம் நாள், காய்ச்சல் வரவேண்டிய நாள், வாசக்காலைத் தரைமேல் நிறுத்தினார்கள். ராமாயி பக்கத்தில் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானமானது. அர்த்தனாரி ஆணியை வைத்துக்கொண்டு அடிக்காமல் அவளையே பார்த்தான். வெயில் உச்சிக்கு வந்து மேற்கே சாய்ந்தது.

"என்னங்க பாக்கறீங்க?" என்றாள் ராமாயி. "குளிரலீங்க. ஆணிய அடிங்க."

சுத்தியல் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்க, அர்த்தனாரி வாசக்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.