திரும்பிப் பார்க்காத பிள்ளை

என் அக்கா சுலோசனா மஞ்சள் காமாலையில் செத்துப்போனது சுனாமிக்கு அடுத்த வருஷம், உப்பு வாருகிற காலத்தில். மரக்காணத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. கொள்ளி வைப்பது யார் என்று பேச்சு வந்தபோது அத்தனை ஆம்பளைகளும் கை காட்டியது அவளுடைய ஒரே மகன் தட்சணாமூர்த்தியை. எட்டு வயசுப் பிள்ளை!

"மாமா வெக்கட்டுமே. அது குழந்தைங்க" என்றேன். மாமா என்றால் அக்கா புருஷன், புருஷோத்தமன். அவருடைய அண்ணன் தனகோடி என்னை ஒரு முறை முறைத்தார்.

"புள்ளை இருக்கும்போது புருஷன் எதுக்கும்மா வெக்கணும்? ஆம்பளைப் புள்ளையை வேற எதுக்குப் பெத்தா?"

எதுக்குப் பெத்தாளாம்! என் வாயில் நன்றாக வந்தது. பிணம் கிடக்கிற வீடு என்று அடக்கிக்கொண்டேன். மாமாவாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் பாடை கட்டுகிறவனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அழக்கூட இல்லை.

பிள்ளைக்கு மொட்டை அடித்து, தலையில் தண்ணீர் ஊற்றி, பெரிய ஆள் வேட்டியை நாலாக மடித்து இடுப்பில் சுற்றினார்கள். அந்த வெயிலிலும் அவனுக்குப் பல் தந்தியடித்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் வாயைக் கோணினான்.

"டேய், ஆம்பளை அழுவானா? பொட்டப்புள்ளையா நீ?" என்றார் தனகோடி.

கோணிய வாயை அப்படியே மூடிக்கொண்டான். நான் அவனைத் தூக்கப் போனேன். "பொம்பளைங்க தெருமுனையோட நில்லுங்க" என்று தடுத்துவிட்டார்கள். தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போனான். வேட்டி காலில் தட்டியது. தெருமுனையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் ஒரே புகழ்ச்சி. கொள்ளி வைத்தவன் சிதையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரிய பெரிய மீசைக்காரர்களே தடுமாறுகிற இடம் அது.

"சிங்கக்குட்டிய்யா! கொள்ளி வெச்சான், விடுவிடுன்னு நடந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா பாரு!" தனகோடி இதை டீக்கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் நின்றுகூடச் சொன்னார். மாமாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவார்.

கருமாதி முடிந்தது. பிள்ளைக்கு முடி முளைத்தது. என் வீடு அடுத்த தெருவில்தான் என்பதால் அப்பன், பிள்ளை இரண்டு பேருக்கும் நான்தான் சோறாக்கிப் போட்டேன். பையன் பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வருவதில்லை. பொழுது சாயத்தான் வருவான். காலெல்லாம் உப்புச் சேறு. கேட்டால், "வெளையாடினேன் சித்தி" என்பான். சரி, விளையாடட்டும், மனசு மாறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம், மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளத்தில் உப்புச் சுமக்கிற ராசம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா சங்கீதா, உங்கக்கா மவன் தெனம் சுடுகாட்டாண்ட நிக்கிறாம்மா. கொஞ்ச தூரம் நடக்கிறான், திரும்பிப் பாக்குறான். மறுபடி அங்கியே ஓடுறான், நடக்கிறான், திரும்பிப் பாக்குறான். காத்து கருப்பு ஏதாவது அடிச்சிருக்கப் போவுது, பாரு."

மாமா எச்சில் கையோடு எழுந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பொம்பளை போகக்கூடாத இடமாம், போங்கடா!

கால்வாய்க் கரையை ஒட்டிச் சுடுகாடு. அங்கிருந்து ஒரு வரப்பு உப்புப் பாத்திகளின் ஊடே ஊருக்கு வருகிறது. அந்த வரப்பின்மேல் பையன் புத்தகப் பையோடு நடந்துகொண்டிருந்தான். நின்றான். மெதுவாகத் திரும்பினான். பின்னால் யாரும் இல்லை. மறுபடியும் சுடுகாட்டுப் பக்கம் ஓடினான்.

மாமா ஓடிப்போய் அவனை இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "ஊரே உன்னை ஆம்பளைங்குது. இங்க வந்து பொட்டையாட்டம் என்னடா பண்றே? ஏன்டா திரும்பித் திரும்பிப் பாக்குறே? பயமா?"

அந்த அறைக்குக்கூட அவன் அழவில்லை. பாவிகள், பிள்ளையை ஆம்பளையாக்கித்தான் விட்டிருந்தார்கள்.

"பயம் இல்லப்பா. திரும்பிப் பாத்தா அம்மா கூடவே வீட்டுக்கு வந்துடும், ஆம்பளையாட்டம் திரும்பாம நடன்னு பெரியப்பா சொன்னாரு. நானும் திரும்பல." அப்புறம் என்னைப் பார்த்தான். "திரும்பியிருக்கணும் சித்தி. அம்மா என் பின்னாலதான் நின்னிருக்கும். நான் பாக்கலன்னு போயிடுச்சு. இப்பப் பாத்தா வரமாட்டேங்குது."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டேன். "உன் மேல தப்பில்லடா கண்ணு. அம்மாவால வர முடியாதுடா. அழுதுடு ராசா, அழுதுடு."

அவன் உடம்பு விறைத்துக்கொண்டு நின்றது. வாய் மட்டும் அன்றைக்குப் போலவே கோணிற்று. நிமிர்ந்து அப்பனைப் பார்த்தான்.

"அழுவலாமாப்பா?"

ஒரு வார்த்தை போதும். ஊம் என்று ஒரு தலையாட்டல் போதும். மாமா வாயைத் திறந்தார். திறந்த வாயைச் சோறு காய்ந்த கையால் பொத்திக்கொண்டு, சட்டென்று கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அடப்பாவி மனுஷா, இந்தப் பக்கம் திரும்பி அழேன், உன் பிள்ளை பார்க்கட்டுமே என்று கத்த வந்தது எனக்கு. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

பிள்ளை அப்பன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூக்கை உறிஞ்சி, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"வா சித்தி, வீட்டுக்குப் போலாம்."

பையை மாட்டிக்கொண்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தான். ஊர் வரும்வரை ஒரு தடவைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.