ஒரு ரிங்

காலையில் பச்சியப்பன் ஊக்கு கேட்டான். எதற்கென்று சசிகலா கேட்கவில்லை. தாலிக்கயிற்றில் கிடந்ததில் ஒன்றைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"பெட்டில இருக்கற சிம்முக்கு வேலிடிட்டி போயிடுச்சு சசி. மாசாமாசம் மோட்டாருக்கும் ரீசார்ஜ் பண்ண நாம என்ன ஜமீனா?" என்று அவன் வாசலில் முனகியது கேட்டது. வழக்கமான புலம்பல்தானே என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் டேப்லெட்டும் கையுமாக ஊருக்குள் வந்தார்கள். விவசாயம் இனி போனிலேயே, தண்ணீர் மிச்சம், பூமிக்கும் நல்லது என்று அளந்தார்கள். மோட்டார் கொட்டகையில் பெட்டியை மாட்டி உள்ளே ஒரு சிம்மையும் போட்டார்கள். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். உடனே பெட்டியே திரும்பக் கூப்பிட்டு, ஒரு பெண் குரலில் சேதி சொல்லும். பச்சியப்பன் நம்பர், சசிகலா நம்பர் இரண்டுக்கும் அது கட்டுப்படும்.

மிச்சமாவது மண்ணாவது! முன்பெல்லாம் மோட்டார் போட வேண்டுமென்றால் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து போக வேண்டும். அதனாலேயே தேவைக்கு மட்டும் போட்டார்கள். இப்போது படுத்த இடத்திலிருந்தே போடலாம், பெங்களூரில் வேலைக்குப் போனவன் அங்கிருந்தே போடலாம். ஊரே போட்டது. நாற்பதடி நின்ற கிணற்றுத் தண்ணீர் மூன்றே கோடையில் முழங்காலுக்கு வந்துவிட்டது. அரூரில் கம்பெனி வைத்த போர்டில் மட்டும் பச்சியப்பன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான், 'தண்ணீர் சேமித்த விவசாயி' என்று.

தக்காளி பூவோடு வாடிக்கொண்டிருந்தது. மோட்டாரை இன்னும் கீழே இறக்கி, ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டினால், இருக்கிற தண்ணீரையாவது பாய்ச்சலாம். கயிறு பிடிக்கப் பக்கத்துக் காட்டு மாதப்பனைக் கூட்டிக்கொண்டு பச்சியப்பன் போனான்.

கிணற்றில் இறங்குவதென்றால் அந்தக் காலத்தில் அவன் முதலில் கரண்டே வராதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வான். "எமன மடியில வெச்சிருக்கேன், இனி எவன் வந்து என்ன பண்ணுவான்?" என்று சிரிப்பான். பெட்டி வந்த பிறகு அந்தக் கட்டையை யார் தொட்டார்கள்? போனில் நிறுத்தினால் நின்றது என்று பழகிவிட்டது.

மத்தியானம் சசிகலா களி கிண்டி உருட்டினாள். ஒரு ரிங் விட்டு கட் பண்ணினால் சோறு ஆச்சு என்று அர்த்தம். கல்யாணமான நாளாக இந்த வீட்டுப் பழக்கம் அது. புருஷன் நம்பருக்கு ஒரு ரிங் விட்டாள்.

கையைத் தண்ணீரில் நனைத்து அடுத்த உருண்டையைப் பிடிப்பதற்குள் போன் அடித்தது. திரையில் பச்சியப்பன் படம். புறங்கையால் தள்ளிக் காதில் வைத்தாள்.

"வாங்க, களி ஆறுது. மாதப்பனையும் கூட்டிட்டு வாங்க."

"மோட்டார் இயங்குகிறது" என்றது பெண் குரல்.

இவர் நம்பரில் இவள் எப்படி? ஊக்கு ஞாபகம் வந்தது. அய்யோ, தன் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறாரே பாவி மனுஷன்! முழங்கால் தண்ணீரில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டிருப்பாரே! இன்னொரு ரிங் விட்டால் நின்றுவிடும். அழுத்தினாள். களி ஒட்டிய விரலுக்குத் திரை அசையவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். அதற்குள் போன் மீண்டும் அடித்தது.

"தண்ணீர் இல்லை. மோட்டாரின் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது."

செருப்பில்லாமல் ஓடினாள். கிணற்று மேட்டில் மாதப்பன் கயிற்றை இழுக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, மோட்டார எவன் போட்டான்? எந்தப் பாவி போட்டான் அண்ணி?"

சசிகலா கிணற்றைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்தாள்.

"நான்தான் மாதப்பா" என்றாள். "சாப்புடத்தான் கூப்புட்டேன்."