தொஷியோ இன்னும் சொல்லவில்லை

தொஷியோ கோழை இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருக்கும் ஒரு டெலிகிராம் சேனலில் மூன்று வருஷமாக இதை நான் பக்கம் பக்கமாக எழுதி வாதாடியிருக்கிறேன். அதையெல்லாம் படிக்காதவர்கள் இப்போது வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘அடுத்த ரயில் வரை’ என்பது வாராவாரம் வரும் ஜப்பானியப் படக்கதை. மங்கா என்பார்கள். தொஷியோவும் மிசுகியும் தினமும் காலையில் ஒரே பிளாட்பாரத்தில் நிற்பார்கள். காதலைச் சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறப்பான், ரயில் வந்துவிடும். ரயில் தாமதமான நாளில் தும்மல் வரும். தும்மலும் வராத நாளில் ஸ்டேஷன் மாஸ்டரின் பூனை தண்டவாளத்தில் குதிக்கும். இப்படியே நூற்று நாற்பத்தாறு அத்தியாயங்கள்.

இதைத் தமிழாக்கி அந்தச் சேனலில் வெளியிடுவது திருவனந்தபுரத்தில் இருக்கும் நாங்கள் நான்கு பேர். இங்கிலீஷிலிருந்து தமிழாக்குவது நான், கௌசிக். பகலில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில், சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் வேலை. பேச்சு எழுதும் வட்டத்தை நாங்கள் பலூன் என்போம். அந்த பலூனுக்குள் இருக்கும் இங்கிலீஷை அழித்துத் தமிழ் எழுத்தைப் பொருத்துவது பொன்செல்வி. அவளுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை, மணக்காட்டில் வீடு. பிழை பார்ப்பது என் பெரியம்மா மகள் ஸ்ரீலக்ஷ்மி அக்கா. மைதீன் அட்டக்குளங்கரையில் பரோட்டா கடை வைத்திருக்கிறான். அவன் எங்கள் நீதிபதி.

நீதிபதி எதற்கு என்றால், ஒன்பதாவது அத்தியாயத்தில் தொஷியோ மிசுகியிடம், “தங்கள் குடையைத் திருப்பியளிக்க விழைகிறேன்” என்று சொன்னான். எழுதியது நான்தான். படித்த மைதீனுக்கு மூக்கு வழியாகச் சாயா வந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்து எல்லா வசனத்தையும் உரக்க வாசித்துப் பார்ப்போம். தொஷியோவுக்கு நான், மிசுகிக்குப் பொன்செல்வி. அம்மா, டீச்சர், பூனை எல்லாம் அக்கா. மைதீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். வாய்க்கு வருகிற தமிழாக இருந்தால் “ஓடும்” என்பான். இல்லாவிட்டால் “தள்ளு.” மேல்முறையீடு கிடையாது.

சேனலில் இரண்டு கட்சிகள். ‘சொல்லித் தொலை’ கட்சிக்கு மைதீன் தலைவன். “ஒரு பரோட்டாவ இம்புட்டு நேரம் கல்லுல போட்டா கரிஞ்சிராதா?” என்பது அவன் கேள்வி. ‘பொறு’ கட்சிக்கு நான் தலைவன். சொல்லாத வரைக்கும்தான் அது காதல், சொல்லிவிட்டால் அப்புறம் மளிகை லிஸ்ட்தான் என்பது என் கொள்கை. ஒருமுறை தாமதத்தின் அழகைப் பற்றிப் பதினேழு பதிவுகள் தொடராக எழுதினேன். நானூறு இதயங்கள் விழுந்தன. அக்கா ஒவ்வொரு ஆண்டும் கட்சி மாறுவாள். பொன்செல்வி எந்தக் கட்சியிலும் இல்லை. கேட்டால், “எனக்கு பலூன்ல எழுத்து நின்னாப் போதும், சாரே” என்பாள்.

அந்த ‘சாரே’ என்ற கேலிக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். பொன்செல்வியை எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று வருஷமாகப் பிடிக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் காரணங்கள் நிறைய இருந்தன. கரமனை அக்ரஹாரத்தில் என் வீட்டில் என்ன சொல்வார்கள், மணக்காட்டில் அவள் வீட்டில் என்ன சொல்வார்கள், அவள் சிரித்துவிட்டால் அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு போய் உட்காருவது. கடைசிக் காரணம்தான் உண்மையானது.

இந்த நிலையில்தான் நூற்று நாற்பத்தேழாவது அத்தியாயம் வந்தது. ரயில் வரவில்லை. தும்மல் வரவில்லை. பூனை தூங்கிக்கொண்டிருந்தது. தொஷியோ சொல்லிவிட்டான். ஒரு முழுப் பக்கம், நடுவில் ஒரே ஒரு பலூன். அதோடு ஆசிரியர் ஒரு மாத விடுமுறையில் போய்விட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே பொன்செல்வி சொன்னாள்: “எனக்கு கோயம்புத்தூர்ல ஒரு டிசைன் கம்பெனியில வேலை ஆயிருக்கு. இந்தச் சேப்டரை முடிச்சிட்டுத்தான் போவேன், கேட்டியளா.”

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். மைதீன் எல்லோருக்கும் பப்ஸ் சொன்னான். நான் “கன்கிராட்ஸ்” என்றேன். என் மூளை வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. சேப்டரை முடித்துவிட்டுத்தான் போவாள். சேப்டர் முடியாவிட்டால்?

இருபத்தெட்டு வயது ஆள் இப்படி யோசிப்பானா என்று கேட்காதீர்கள். யோசித்தேன்.

அத்தியாயம் முழுவதையும் இரண்டே நாளில் தமிழாக்கி அனுப்பினேன், அந்த ஒரு பலூனைத் தவிர. முதல் வாரம் காய்ச்சல் என்றேன். இரண்டாவது வாரம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்றேன். மூன்றாவது வாரம், “சரியான சொல் இன்னும் சிக்கவில்லை” என்றேன். இரண்டு ஞாயிறுகள் பேக்கரிக்கே போகவில்லை.

சேனல் கொதித்தது. ஆசிரியர் காசுக்காக இழுக்கிறார் என்று ஒரு கூட்டம் ஜப்பான்காரரை வைதது. பாவம், அந்த மனிதர் மூன்று வாரத்துக்கு முன்பே கடமையை முடித்துவிட்டு எங்கேயோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். தொஷியோவின் குணத்துக்கு இந்த மௌனம் எவ்வளவு பொருத்தம் என்று என் கட்சிக்காரர்கள் எழுதினார்கள். இங்கிலீஷில் படித்தவர்கள் வாயைத் திறந்தால் வெளியே தள்ளுவோம் என்று சேனலுக்கு ஒரு சட்டம் உண்டு. அதனால் உண்மை தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை செய்யும் பேச்சிமுத்து என்பவர், “போனுக்கு ரேஞ்ச் கிடைக்க அரை கிலோமீட்டர் ஏறி வரேன். இன்னைக்காவது சொல்லுவானா?” என்று தினமும் கேட்டார். நான் தினமும் ஒரு கும்பிடு போட்டேன்.

நான்காவது ஞாயிறு அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஒரு வரி. ஒரே ஒரு வரியாக்கும் பாக்கி. நீ என்ன புராணமா எழுதறாய்? எழுந்திருடா.”

கிழக்கேகோட்டை பஸ்ஸில் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். பேக்கரியில் மைதீன் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தான். எதிரே பொன்செல்வி, மடியில் லேப்டாப். திரையில் அந்தக் காலி பலூன்.

என் கையில் ஒரு தாள் இருந்தது. ஏழு மாதிரி எழுதி வைத்திருந்தேன். முதலாவதை வாசித்தேன்.

“மிசுகி, நான் உன்னைக் காதலிக்கிறேன்.”

“தள்ளு,” என்றான் மைதீன். “எவன்ல இப்படிச் சொல்லுதான்? டிவியில டப்பிங் சீரியல்ல சொல்லுவான்.”

“மிசுகி, உன் மேல எனக்கு ஒரு இது.”

“ஒரு எது? தள்ளு.”

“மிசுகி, ஒன்னை நேக்கு ரொம்ப இஷ்டமாக்கும்.”

இதற்கு அக்காவே குறுக்கே வந்தாள். “ஜப்பான்காரன் கரமனையிலயா பொறந்தான்?”

“ஐ லவ் யூ, மிசுகி.”

“அதுக்கு நீ எதுக்குடா? அங்கே ஏற்கெனவே இங்கிலீஷ்லதானே இருக்கு!” என்றாள் அவளே.

பக்கத்து மேஜைக்காரர் லைம் ஜூஸை வைத்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாவதும் ஆறாவதும் தள்ளுபடி. எனக்குக் காது சுட்டது. ஒரு பெண்ணுக்கு நேரே உட்கார்ந்து ஆறு விதத் தமிழில் காதலைச் சொல்லி ஆறையும் பரோட்டாக்காரன் நிராகரிப்பது என்ன மாதிரியான பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியாது.

மைதீன் கண்ணைத் திறந்தான். “மக்கா, வார்த்தை ஒண்ணும் மோசமில்ல. நீ பேப்பரைப் பாத்து பேப்பர்கிட்ட சொல்லுத. அந்தப் பிள்ளையப் பாத்துச் சொல்லு.”

தாளை மேஜையில் வைத்தேன். ஏழாவது வரி எனக்கு மனப்பாடம். அதை மொழிபெயர்த்ததாகச் சொல்ல முடியாது. இங்கிலீஷில் இருந்தது வேறு. பொன்செல்வியைப் பார்த்தேன். அவளும் லேப்டாப்பை விட்டு நிமிர்ந்திருந்தாள்.

“தினமும் நீ வர்ற பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்,” என்றேன்.



“ஓடும்,” என்றான் மைதீன், மிக மெதுவாக.

அடுத்த பலூன் மிசுகியுடையது. அதில் மூன்று புள்ளிகள்தான் உண்டு. அதையும் வாசிக்க வேண்டும், எங்கள் வழக்கம் அப்படி. பொன்செல்வி பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கண்டக்டர் தம்பானூர், தம்பானூர் என்று கூவி, ஆள் ஏற்றி, பஸ்ஸும் போய்விட்டது. அவள் இன்னும் மூன்று புள்ளிகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“போரும்டீ,” என்றாள் அக்கா. “முப்பது புள்ளி ஆச்சு.”

பொன்செல்வி குனிந்து அந்த வரியைத் தட்டினாள். பலூனுக்குள் பொருத்தினாள். ஒரு எழுத்தைக்கூடச் சுருக்கவில்லை, கச்சிதமாக நின்றது. “ஆச்சு. இன்னைக்கே ஏத்திருதேன்,” என்று லேப்டாப்பை மூடினாள். “புதன்கிழமை காலையில எனக்கு வண்டி.”

“புதனா? இப்போதானே சேப்டர் முடிஞ்சுது?”

“டிக்கெட் எடுத்து மூணு வாரமாச்சு. சேப்டர் முடிஞ்சாலும் முடியலேன்னாலும் புதன்தான்.”

“முடிச்சுட்டுத்தான் போவேன்னு சொன்னேளே!” என் குரல் எனக்கே அசிங்கமாக ஒலித்தது. “முடிக்கலேன்னா போகமாட்டேள்னுதானே நான்...”

சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். மைதீன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “ஆயிரத்து நூறு பேரைப் பட்டினி போட்டது இதுக்காலே?” என்று கேட்டுவிட்டு, கடையில் மாவு பிசைய வேண்டும் என்று எழுந்தான். அக்காவுக்கும் மாவு பிசைய வேண்டியிருந்ததாம். இருவரும் போனார்கள். பக்கத்து மேஜைக்காரர் போகவில்லை. இன்னொரு லைம் ஜூஸ் சொன்னார்.

பொன்செல்வி மேஜை மேலிருந்த தாளை எடுத்து, நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இப்போ பேப்பர் இல்ல. தொஷியோவும் வேண்டாம். நீங்க சொல்லுங்க.”

“நீங்க போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணுவேன்னே தெரியலை.”

“அது உங்க கஷ்டம். அத ஏன் என்கிட்ட சொல்லுதிய? என்னப் பத்திச் சொல்லுங்க.”

“ஒங்களை நேக்குப் பிடிச்சிருக்கு. மூணு வருஷமா. எந்நேரமும் ஒங்க நினைப்புதான்.”

சற்று முன் தள்ளுபடியான அதே கரமனைத் தமிழ். வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. “எனக்கும்தான்,” என்றாள். “ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

தெருவே ஒருமுறை சுற்றி நின்றது. அவ்வளவு சந்தோஷத்தை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. அதே மூச்சில் கேட்டேன்: “அப்போ நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்ல? நீங்க எழுதுனதெல்லாம் நான்தான் உக்காந்து படிச்சேன். சொல்லாததுதான் அழகு, சொன்னா மளிகை லிஸ்ட்டுன்னு. நானூறு பேர் அதுக்கு ஹார்ட் போட்டாவ. சரி, இவருக்கு இப்படி இருக்கதுதான் இஷ்டம் போல, நாம போயி கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன். அப்புறம் இருந்து இருந்து அலுத்துப் போச்சு. கோயம்புத்தூருக்கு அப்ளிகேஷன் போட்டேன்.”

பதினேழு பதிவுகள். ஒவ்வொன்றையும் மூன்று முறை திருத்தி எழுதினேன். அவளை ஊரை விட்டு அனுப்பியது நான்தான்.

“போகாம இருக்க முடியாதா?”

“முடியாது. நல்ல வேலை. எனக்கு வேணும்.” கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தாள். “கோயம்புத்தூர் ஜப்பான்ல இல்ல, கௌசிக். ராத்திரி வண்டியில ஏறினா விடியக்காலம் வந்துரலாம்.”

முதல் தடவையாகப் பெயரைச் சொன்னாள். அதற்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பக்கத்து மேஜைக்காரர் டிஷ்யூ பேப்பரை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

நூற்று முப்பது ஞாயிறுகளுக்குக் குறையாமல் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். கையை நீட்டினால் தொடுகிற தூரம். அதில் ஒரு ஞாயிறுகூட இனித் திரும்பி வராது. மிச்சம் இருந்தது திங்களும் செவ்வாயும்.

அங்கேயே போனை எடுத்து மேலதிகாரிக்கு இரண்டு நாள் லீவு கேட்டு எழுதினேன். காரணம் கேட்கும் இடத்தில், “எனக்குப் பிடித்த பெண் புதன்கிழமை ஊருக்குப் போகிறாள்” என்று எழுதி, திருத்தாமல் அனுப்பினேன். பொன்செல்வி எட்டிப் பார்த்துப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.