படி இல்லாத குளியலறை

தான் குளியலறைக்கு டைல் பதித்துக்கொடுத்த அரக்ஸியம்மாள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டெல்ஃபினோ இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஃபிரெஸ்னோ வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். கூலி வராவிட்டால் வீட்டின் மேல் லீன் போடுவேன். அவ்வளவுதான். மனைவி யூஃபேமியா சொல்லிக்கொடுத்தது.

"அந்தம்மாவுக்குச் சட்டம் தெரியவா போகுது? மூஞ்சிய மட்டும் உம்முனு வச்சுக்க. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல."

கான்ட்ராக்டர் கூலி தராமல் ஏமாற்றினால், டைல் பதித்தவன் அந்த வீட்டின் மீதே லீன், அதாவது பற்றுரிமை, பதியலாம். அதைத் தீர்க்காமல் வீட்டை விற்க முடியாது. ஆனால் வேலை தொடங்கியதுமே, நான் இங்கே வேலை செய்கிறேன் என்று வீட்டுக்காரருக்கும் கான்ட்ராக்டருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்; போகாவிட்டால் அந்த உரிமை கிடையாது. யூஃபேமியா எல்லா வேலைக்கும் தவறாமல் அனுப்புவாள். இந்த ஒரு வேலைக்கு அவன்தான் தடுத்தான். கான்ட்ராக்டர் லாசரோ அவனுடைய கம்பாத்ரே. லாசரோவின் மகளை ஞானத்தகப்பனாக ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றவன் டெல்ஃபினோ. அந்த உறவுக்குள் பதிவுத் தபால் அனுப்புவது, விருந்துக்குக் கூப்பிட்டவன் வீட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற மாதிரி.

"கம்பாத்ரேக்கு நோட்டீஸா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறது?" என்று அன்றைக்கு அவளிடம் எரிந்து விழுந்தான்.

இப்போது போவதற்கு வீடே இல்லை. லாசரோ கடனில் மூழ்கி, கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நெவாடாப் பக்கம் போய்விட்டான். போனை எடுப்பதில்லை. உதவிக்கு வந்த ஆட்களுக்கு டெல்ஃபினோ கைக்காசைக் கொடுத்து அனுப்பினான். இந்தக் கூலியும் வராவிட்டால் அடுத்து விற்க இருப்பது இந்த வண்டிதான்.

கதவைத் திறந்த அரக்ஸியம்மாள் கேள்வி கேட்காமல் சின்னக் கோப்பையில் காபியும், தட்டில் காய்ந்த ஆப்ரிகாட் பழங்களும் கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான்.

"லாசரோ எனக்குக் காசு தரலம்மா."

"நான் முழுசாக் குடுத்துட்டேனேப்பா." அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "உனக்குத் தரலையா?"

"தரல. அதனாலதான்..." என்று ஆரம்பித்தான்.

"எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல கான்கிரீட் வேலை எடுத்துச் செஞ்சவரு. டைல்காரன்கிட்டருந்து நோட்டீஸ் வரும், வந்தா ரெண்டு பேர் பேருக்கும் சேத்து ஒரே செக்கா எழுதுன்னாரு. நானும் தினம் தபால்பெட்டியப் பாத்தேன். வரவே இல்ல. சரி, உனக்குப் பணம் வந்துடுச்சு போலன்னு லாசரோ பேருக்கே எழுதிட்டேன்." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "ஏன்ப்பா அனுப்பல?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னான்.

"கம்பாத்ரே கோவிச்சுக்குவான்னு."

"மறுபடியும் குடுக்க எங்கிட்ட இல்லப்பா," என்றாள்.

அவன் தலையாட்டினான். அந்த நோட்டீஸ் போயிருந்தால் லாசரோ ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டான். பிறகு பீர் வாங்கிக்கொண்டு வந்து நின்றிருப்பான். இருவர் பேருக்கும் எழுதிய செக் என்பதால், டெல்ஃபினோவின் கையெழுத்து இல்லாமல் அந்தக் காசு எங்கேயும் போயிருக்காது. நட்பைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஓடிப்போகிற வழியை நண்பனுக்குத் தானே திறந்துவிட்டோம் என்று டெல்ஃபினோவுக்கு உறைத்தது. கூலி போனதைவிட அதுதான் வலித்தது.

வீட்டுக்குள் நடைக்கூடத்தில் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

"இப்பல்லாம் எங்க வீட்டுக்காரரு தானாவே குளிக்கப் போயிக்கிறாரு," என்றாள் அரக்ஸியம்மாள். "என்னைக் கூப்புடறதில்ல."

குளியலறைக்குப் படியே வேண்டாம், தரையைத் தோண்டிச் சரிவாக்கிவிடுவோம் என்று யோசனை சொன்னவன் லாசரோதான். இருவரும் முட்டிபோட்டு, மட்டக்கோலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த இடம் அது. சக்கரம் எங்காவது தட்டுமோ என்று டெல்ஃபினோ தன்னையறியாமல் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். தட்டவில்லை. பிறகு தண்ணீர் விழுந்தது. எங்கும் தேங்காமல், சரிவு வழியே ஓடி வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது.