தனிக்குடித்தனம்

எறும்பு டாக்டர் என்பது குடியிருப்பில் அவருக்கு வைத்திருந்த பெயர். பூச்சி மருந்து வைக்கிறவர். பையை இறக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது மாடியில் தனியாக இருந்த கண்ணாடிக்காரருக்கு அந்தப் பேச்சு வாரத்துக்கு ஒருமுறை கிடைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வெளியூரிலிருந்து மகள் அவ்வப்போது போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது. போனை யார் முதலில் வைப்பது என்று இருவரும் காத்திருப்பார்கள்.

"இது சுவருக்குள்ள குடியிருக்கிற ரகம்ணே," என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு கூட்டத்துக்குள்ளயே எத்தனையோ ராணி. மறந்தும் ஸ்ப்ரே மட்டும் அடிச்சிராதீங்க. வாடை பட்டதும் மிரண்டு, முட்டையையும் குஞ்சுப் புழுவையும் வாரிக்கிட்டு, ராணியையும் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் கிளம்பிரும். ஒரு குடும்பம் நாலு குடும்பமாயிரும்."

"அப்புறம் அதுங்களுக்குள்ள சண்டை வராதா?"

"வராதுண்ணே. எங்க பார்த்தாலும் சொந்தம் சொந்தம்தான். எங்கண்ணன் இருக்கானே, நடுவுல சுவர் எழுப்பினவன் என் பக்கம் ஒரு ஜன்னல்கூட வெக்கல!"

டாக்டர் ஒரு அட்டைத் துண்டில் இனிப்பு மருந்தைச் சொட்டாக வைப்பார். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கண்ணாடிக்காரரிடம் பூதக்கண்ணாடி இருந்தது. டாக்டருக்கென்று இன்னொன்றையும் அவரே தேய்த்துச் செய்திருந்தார். மஞ்சள் நிறத்தில், தூசியை விடச் சற்றே பெரிதாக எறும்புகள் வந்து சொட்டைச் சுற்றி வட்டமாக நின்று குடிக்கும். வயிறு புடைத்ததும் திரும்பும். வழியில் எதிர்ப்படுகிற பசித்த எறும்பு உணர்கொம்பால் தட்டிக் கேட்டால் நின்று, வாயோடு வாய் வைத்து ஊட்டிவிட்டுப் போகும்.

"குடிச்ச இடத்துலயே செத்தா பிரயோஜனம் இல்லண்ணே. அதான் மெதுவா வேலை செய்யற மருந்து. வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் ஊட்டணும்."

"பாவமா இல்லையாய்யா உமக்கு?"

"பாவம் பார்த்தா என் வீட்ல உலை கொதிக்காதே!"

சிரித்தார்கள். டீ குடித்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வரிசை மெலிந்தது. "இன்னும் ஒரு தடவை வந்து அட்டையை எடுத்துட்டா உங்க வீட்டு வேலை முடிஞ்சுதுண்ணே," என்று டாக்டர் ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் கண்ணாடிக்காரர் கடைக்குப் போய் ஒரு ஸ்ப்ரே வாங்கி வந்தார். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரே ஒரு முறை அழுத்தினார்.

மிச்சமிருந்த வரிசை சிதறியது. சற்றுப் பொறுத்து, சுவிட்ச் பலகைக்குக் கீழிருந்த வெடிப்பிலிருந்து அவை வெளியே வந்தன. வாயில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். நடுவே, சற்றுப் பெரிய உடம்போடு ஒரு ராணி. குளியலறைக் கதவு நிலையின் இடுக்குக்குள் கடைசி எறும்பு நுழையும்வரை அவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. விருந்தாளி வரப்போகிற வீட்டின் பரபரப்பும் உள்ளுக்குள் இருந்தது.

டாக்டர் மீண்டும் வாராவாரம் வந்தார். வரிசை மெலிந்தபோது கண்ணாடிக்காரர் இன்னொரு முறை அழுத்தினார்.

அதற்கடுத்த முறை வந்த டாக்டர் பேசாமல் உட்கார்ந்தார். டீயை எடுக்கவில்லை.

"கீழ் வீட்லயும் இறங்கிருச்சுண்ணே. தொட்டில்ல எறும்பு. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அந்தம்மாதான் ஸ்ப்ரே அடிச்சிருக்கணும். கேட்டா இல்லவே இல்லைன்னு அழுவுது. நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். வேற ஆளைப் பார்க்கிறேன்னு குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லிட்டார். இந்தக் கட்டடம் கை விட்டுப் போனா இந்தத் தெருவே போச்சு எனக்கு."

கண்ணாடிக்காரர் தன் டம்ளரில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் இவர் வரப்போவதில்லை. பேசினாலும் வரப்போவதில்லை. கீழ் வீட்டில் எங்கோ குழந்தை சிணுங்கியது.

"நான்தான் அடிச்சேன்."

"என்னதுண்ணே?"

"ஸ்ப்ரே. ரெண்டு தடவை."

டாக்டர் அவரையே பார்த்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது.

"மறக்கல. ஞாபகம் இருந்ததாலதான் அடிச்சேன்."

டாக்டருக்குப் புரிய நேரம் பிடித்தது. எதிரே தனக்காக வைத்திருந்த டம்ளரையும், தனக்கென்று தேய்த்த பூதக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் வரணும்னா ஒரு போன் போட்டிருக்கலாமேண்ணே."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

டாக்டர் எழுந்தார். வெடிப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சொட்டு வைத்தார். குளியலறையிலும் வைத்தார். பையை மாட்டிக்கொண்டார்.

"செயலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா அந்தம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். கிளம்புங்க."

படியில் டாக்டர் முன்னால் இறங்கினார். கீழ் வீட்டுக் கதவை அவர் தட்டியதும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். குழந்தையின் கன்னத்தில் சிவப்புத் தடிப்புகள். டாக்டரைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. பிறகு, பின்னால் நின்ற கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்து வருஷக்கணக்காகிறது.

"நீங்க யாரு?" என்றாள்.

"மேல் வீடு," என்றார் அவர்.